வெள்ளைக் கப்பலில் ஏன் ஒரே ஒரு பீரங்கி? கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல்: ஓர் எளிய அறிமுகம்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. அங்கே எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2015-ல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியக் கடலோரக் காவல்படைக்கு ஒரே வடிவத்தில் ஏழு ரோந்துக் கப்பல்கள் அங்கே உருவாயின. முதலாவதான விக்ரம் 2018 ஏப்ரலில் பணிக்கு வந்தது. பிறகு விஜயா, வீரா, வராஹா, வரத், வஜ்ரா. ஏழாவதான விக்ரஹா 2021 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் படையில் சேர்ந்தது.

விக்ரஹாவின் நீளம் 98 மீட்டர். எடை சுமார் 2,200 டன். அதிகாரிகளும் மாலுமிகளுமாக நூறு பேருக்கு மேல் அதில் வேலை செய்கிறார்கள். ஆயுதம் என்று தேடினால், முன்தளத்தில் ஒரு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, உள்ளே இருந்தபடியே இயக்கக்கூடிய 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் இரண்டு. அவ்வளவுதான். ஏவுகணை கிடையாது, டார்பிடோ கிடையாது. கடற்படைக் கப்பல்களைப் படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இவ்வளவு பெரிய கப்பலில் இவ்வளவுதானா?

இவ்வளவு போதும். இந்தக் கப்பல் உள்ளூர்க் காவல் நிலையத்து பீட் கான்ஸ்டபிள் மாதிரி. சுற்றி வர வேண்டும், கண்ணில் பட வேண்டும், சந்தேகம் வந்தால் நிறுத்தி விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் சட்டப்படி பிடித்துக்கொண்டு வர வேண்டும். யாராவது ஆபத்தில் இருந்தால் முதலில் போய் நிற்கவும் வேண்டும். கப்பலின் நிறம், எஞ்சின், ஹெலிகாப்டர் தளம் என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் இந்த வேலையும், இந்த வேலைக்கான சட்டமும் இருக்கின்றன.

எதற்காக ஒரு தனிப் படை?

1960-களிலும் 70-களிலும் இந்தியாவுக்குள் தங்கம் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் கடத்தி வரப்பட்டது. தங்கத்தை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். கைக்கடிகாரம், செயற்கை இழைத் துணி என்று உள்ளூரில் கிராக்கி இருந்த எல்லாமே இரவோடு இரவாக மேற்குக் கரையில் இறங்கின. சுங்கத் துறையிடம் இருந்த படகுகளால் கடத்தல்காரர்களின் படகுகளைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. கடற்படையைக் கூப்பிட்டார்கள். போருக்காகப் பயிற்சி பெற்ற ஆட்களையும், அதற்காகவே கட்டிய விலையுயர்ந்த கப்பல்களையும் தங்கக் கடத்தலைத் துரத்த அனுப்புவது அவர்களுக்கும் பிடிக்கவில்லை, கணக்குக்கும் சரிப்படவில்லை.

அதே சமயத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. 1974-ல் மும்பைக்கு அப்பால் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. பாம்பே ஹை என்று பெயர். எண்ணெய் எடுக்கும் மேடைகள் நடுக்கடலில் நிற்கும்போது அவற்றுக்குக் காவல் வேண்டும். இரண்டாவது, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள மீனும் எண்ணெயும் அந்தக் கரையின் நாட்டுக்கே சொந்தம் என்ற எண்ணம் உலக அளவில் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. இந்தியா காத்திருக்காமல் 1976-லேயே கடல் மண்டலங்கள் சட்டத்தை இயற்றிவிட்டது. ஒரே சட்டத்தில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் நாட்டின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

எல்லைப் பாதுகாப்புப் படையை உருவாக்கிய கே.எஃப். ருஸ்தம்ஜியின் தலைமையில் 1974-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. கடலுக்கென்று தனிக் காவல்படை வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால ஏற்பாடாகப் படை தொடங்கியது. கையில் இருந்தவை கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்கள், கிர்பானும் குதாரும். அவற்றோடு ஐந்து ரோந்துப் படகுகள். 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஏழே ஏழு! 1978 ஆகஸ்டில் கடலோரக் காவல்படைச் சட்டம் நிறைவேறி, பிரதமர் மொரார்ஜி தேசாய் படையை முறைப்படி தொடங்கிவைத்தார். கடற்படையிலிருந்து வந்த வைஸ் அட்மிரல் வி.ஏ. காமத் முதல் தலைமை இயக்குநர். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் இது கடற்படையின் கிளை அல்ல. தனிச் சட்டம், தனிச் சீருடை, தனிப் பதவிப் பெயர்கள். பெரிய ரோந்துக் கப்பலை நடத்துபவர் கமாண்டன்ட் அல்லது டி.ஐ.ஜி. பதவியில் இருப்பார். பதவிப் பெயரிலேயே போலீஸ் வாடை அடிக்கிறது பாருங்கள்.

அந்தச் சட்டம் படைக்குக் கொடுத்த வேலைப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். எண்ணெய் மேடைகளையும் செயற்கைத் தீவுகளையும் காப்பது, ஆபத்தில் சிக்கிய மீனவருக்கு உதவுவது, கடல் மாசைத் தடுப்பது, கடத்தலைப் பிடிக்கச் சுங்கத் துறைக்குக் கைகொடுப்பது, அறிவியல் தகவல்களைச் சேகரிப்பது என்று போகிறது. எதிரிக் கப்பலை மூழ்கடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆரம்பத்தில் கடன் வாங்கிய கப்பல்களோடு ஓட்டிய படைக்கு, நம் நாட்டிலேயே கட்டிய முதல் பெரிய ரோந்துக் கப்பல் 1983-ல் மும்பை மசகான் தளத்திலிருந்து கிடைத்தது. அதன் பெயரும் விக்ரம்தான். பழைய கப்பல் ஓய்வு பெற்றதும் பெயரைப் புதிய கப்பலுக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தப் பழைய வரிசையைச் சேர்ந்த வருணா 2017-ல் இலங்கைக் கடலோரக் காவல்படைக்குக் கொடுக்கப்பட்டு, சுரக்ஷா என்ற பெயரில் அங்கே வேலையைத் தொடர்ந்தது.

கடலில் கோடு எங்கே இருக்கிறது?

ரோந்துக் கப்பல் ஒரு படகை நிறுத்தலாமா கூடாதா என்பது அந்தப் படகு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது, கப்பலின் வரைபடத்தில் தெரியும்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது 22 கிலோமீட்டர் வரை, பிராந்தியக் கடல். நிலத்தைப் போலவே நாட்டின் முழு ஆட்சி அங்கே உண்டு. ஆனாலும் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் தொந்தரவு எதுவும் செய்யாமல் அந்த வழியாகக் கடந்து போனால் தடுக்க முடியாது. 24 மைல் வரை சுங்கம், குடியேற்றம் போன்ற சில விஷயங்களில் கைவைக்கலாம். 200 மைல் வரை, ஏறக்குறைய 370 கிலோமீட்டர், பொருளாதார மண்டலம். இங்கேதான் பலரும் குழம்புவார்கள். இந்தப் பகுதியில் மீன், எண்ணெய் போன்ற வளங்கள்தான் நம்முடையவை. கடலே நம்முடையது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுக் கப்பல் தாராளமாகப் போகலாம், வலையை இறக்கினால்தான் குற்றம். அதற்கென்றே 1981-ல் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களுக்கான தனிச் சட்டம் வந்தது. அதற்கும் அப்பால் திறந்த கடல். அங்கே பொதுவாக ஒரு கப்பலைத் தொடும் உரிமை அதன் கொடிக்குரிய நாட்டுக்குத்தான். கடற்கொள்ளைக்கு மட்டும் முக்கியமான விதிவிலக்கு உண்டு. கொள்ளையரை எந்த நாடும் பிடிக்கலாம்.

சரி, குற்றம் செய்த படகு தப்பித்து வெளியே ஓடினால்? துரத்தலாம். ஆனால் துரத்தல் நம் கடலில் தொடங்கியிருக்க வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது, ஓடுகிற படகு வேறு நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் நுழைந்துவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஐ.நா. கடல் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. துரத்துகிற கப்பல் யாருடையது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: போர்க்கப்பலாக இருக்க வேண்டும், அல்லது அரசுப் பணியில் இருப்பது பார்த்தவுடன் தெரியும்படி அடையாளம் போட்ட, அதற்கு அதிகாரம் பெற்ற கப்பலாக இருக்க வேண்டும்.

வெள்ளை வண்ணம், பக்கத்தில் சாய்வான பட்டை, தூரத்திலிருந்தே படிக்க முடிகிற பெரிய எழுத்துப் பெயர் எல்லாம் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். போர்க்கப்பல் சாம்பல் நிறத்தில் கடலோடு கலந்து மறையப் பார்க்கிறது. ரோந்துக் கப்பல் தன்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறது. உலகின் பல நாடுகளின் காவல்படைகள் இதே சாய்வுப் பட்டையைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1967-ல் தொடங்கிவைத்த பழக்கம் அது.

வேகத்தைவிடப் பெரிய விஷயம்

விக்ரஹாவின் உச்ச வேகம் 26 நாட், மணிக்கு 48 கிலோமீட்டர். கடத்தல்காரர்களின் விரைவுப் படகு இதைவிட வேகமாகப் போகும். அப்புறம் என்ன பயன் என்று கேட்கலாம். பயன், நிற்பதில் இருக்கிறது. இந்தக் கப்பல் எரிபொருள் நிரப்பாமல் 5,000 கடல் மைல் போகும். மெதுவாக, 12 நாட் வேகத்தில் போனால், பதினேழு நாட்களுக்கு எண்ணெய் தாங்கும். ஒரு கப்பலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதற்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் ரோந்துக் கப்பல்கள் பெரும்பாலான நேரம் ஆடி அசைந்து போகின்றன. தலா 9,100 கிலோவாட் கொண்ட இரண்டு டீசல் எஞ்சின்களும் முழு மூச்சில் ஓடுவது அவசரத்துக்குத்தான்.

உடல் பெரிதாக இருப்பதும் இதற்காகவே. பருவமழைக் காலத்து வங்காள விரிகுடாவில் சிறிய படகு கரைக்குத் திரும்பிவிடும், 98 மீட்டர் கப்பல் நின்று சமாளிக்கும். அதில் தண்ணீர், சமையல், படுக்கை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவருபவர்களையும், பிடித்துக் கொண்டுவருபவர்களையும் வைத்திருக்கவும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வேகத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறக்கப்படும் நான்கு விரைவுப் படகுகள், பின்தளத்தில் ஒரு இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர். ஹெலிகாப்டர் இருப்பதன் காரணம் சாதாரணக் கணக்கு. பூமி வளைந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் தொடுவானம் சுமார் 14 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 500 மீட்டர் உயரத்தில் பறந்தால் 80 கிலோமீட்டர் வரை தெரியும். ரேடார் இதைவிடக் கொஞ்சம் அதிகம் பார்க்கும், ஆனால் மரத்தாலும் பைபராலும் செய்த சிறு படகு அலைகளுக்கு நடுவே ரேடாரில் சரியாகத் தெரியாது. கரையிலிருந்து கிளம்பும் டோர்னியர் விமானம் முதலில் பார்த்துச் சொல்லும், கப்பல் அங்கே போகும், ஹெலிகாப்டரோ படகோ கிட்டே போகும். பல சம்பவங்களில் இதுதான் வரிசை.

கிட்டே போனபின் நடப்பது ரொம்பவும் சாதாரணமாக இருக்கும். வி.எச்.எஃப். வானொலியில் சேனல் 16-ல் கூப்பிட்டு, பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எத்தனை பேர் என்று கேட்பார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் படகில் ஒரு குழு போய் ஏறும். ஆவணங்களைப் பார்க்கும், மீன் அறையைத் திறக்கும், டீசல் தொட்டியைத் தட்டிப் பார்க்கும். நிற்காமல் ஓடினால் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, பிறகு முன்புறத் தண்ணீரில் எச்சரிக்கைச் சூடு. அந்த ஒற்றைப் பீரங்கிக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை.

2021 மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய்க்கு அப்பால் இப்படித்தான் வராஹா ஒரு இலங்கை மீன்பிடிப் படகைச் சோதித்தது. உள்ளே 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே. 47 துப்பாக்கிகள், ஆயிரம் தோட்டாக்கள் இருந்தன. படகு விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2024 நவம்பரில் அந்தமானுக்கு அருகே ஒரு மியன்மார் படகிலிருந்து ஐந்தரை டன்னுக்கு மேல் மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள் பிடிபட்டது.

பிடித்தாயிற்று, அப்புறம்?

1999 அக்டோபரில் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சரக்குக் கப்பல் அலுமினியக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டது. கொள்ளையர்கள் ஏறினார்கள். பணியாளர்கள் 17 பேரையும் ஒரு உயிர்காப்பு மிதவையில் இறக்கிவிட்டு, கப்பலின் பெயரை மாற்றி வண்ணம் பூசி மேற்கே ஓட்டினார்கள். மிதவையில் இருந்தவர்களைப் பல நாள் கழித்துத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

நவம்பரில் இந்தக் கப்பல் அரபிக் கடலில் கண்ணில் பட்டது. காவல்படையின் தாராபாய் என்ற சிறிய ரோந்துக் கப்பல் போய் மறித்தது. நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, சுட்டும் நிற்கவில்லை. கடைசியில் கடற்படையின் பிரஹார் என்ற ஏவுகணைக் கப்பலும் வந்து சேர்ந்தபின்தான் அடங்கியது. அதற்குள் கொள்ளையர்கள் கப்பலுக்குத் தீ வைத்து மூழ்கடிக்கவும் பார்த்தார்கள். 15 பேர் பிடிபட்டார்கள். நடுக்கடலில் கொள்ளையரை உயிரோடு பிடித்து வழக்கு நடத்துவது உலகத்திலேயே அப்போது அபூர்வம். எல்லோரும் பாராட்டினார்கள்.

வழக்கு மும்பையில் நடந்தது. 2003-ல் தண்டனை. 2005-ல் உயர் நீதிமன்றத்தில் அனைவரும் விடுதலை! கடற்கொள்ளையை உலகமே குற்றம் என்று சொன்னாலும், இந்தியச் சட்டப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பிரிவு அன்று இல்லை. வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கப்பல், நம் எல்லைக்கு வெளியே நடந்த குற்றம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை அடைக்க நமக்குப் பல வருடங்கள் ஆயின. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். என்னைக் கேட்டால், ரோந்துக் கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன் பீரங்கியின் அளவைவிட இந்த வழக்குதான் உதவும்.

தீயும் எண்ணெயும்

பிடிப்பதைவிட அணைப்பது கடினம். 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் நியூ டைமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல், உள்ளே சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய். பணியாளர்களில் ஒருவர் இறந்துபோனார், மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். இலங்கை கேட்டுக்கொண்டதும் ஷௌர்யா, சாரங் போன்ற ரோந்துக் கப்பல்களும், மாசுக் கட்டுப்பாட்டுக் கப்பலான சமுத்ர பஹரேதாரும் இலங்கைக் கடற்படையோடு சேர்ந்துகொண்டன.

ரோந்துக் கப்பலின் மேல்தளத்தில் தண்ணீரையும் நுரையையும் தொலைவுக்குப் பீய்ச்சும் பெரிய குழாய்கள் இருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் அவைதான் உண்மையான ஆயுதம். தீயை அணைப்பது பாதி வேலை. பக்கத்திலிருக்கும் எண்ணெய்த் தொட்டிகளின் சுவர் சூடாகாமல் தொடர்ந்து குளிர்விப்பது மீதிப் பாதி. ஒருமுறை அணைந்த தீ மறுபடியும் பற்றிக்கொண்டது. கிட்டத்தட்ட ஒரு வாரம் போராடிய பிறகு அடங்கியது. கச்சா எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ பரவவில்லை. பரவியிருந்தால் திருக்கோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரை கரை என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பதினேழு நாள் நிற்கக்கூடிய கப்பலின் அருமை இங்கேதான் தெரியும்.

பெரிய கப்பல் போக முடியாத இடம்

ஒரே வகைக் கப்பல் எல்லா இடத்துக்கும் உதவாது. அதற்கு நல்ல உதாரணம் நம் பாக் நீரிணை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் போலத்தான் தூரம். 12 மைல், 24 மைல், 200 மைல் என்ற கணக்கெல்லாம் அங்கே விரிக்க இடமே இல்லை. 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களின்படி நடுவில் ஒரு கோடு, அந்தப் பக்கம் இலங்கை, இந்தப் பக்கம் இந்தியா. ஆழமும் குறைவு, மணல்திட்டுகள் வேறு. அதனால் மண்டபத்தில் இருக்கும் காவல்படை நிலையம் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது. காற்று மெத்தையின் மேல் மிதந்து மணல்திட்டின் மீதும் ஏறிப் போகும். ஆழக்கடலுக்கான வஜ்ராவின் தளம் தூத்துக்குடி. கரையை ஒட்டிய பகுதியைச் சிறிய விரைவு ரோந்துக் கப்பல்களும், மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் பார்த்துக்கொள்கின்றன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தப் பங்கீடு இன்னும் இறுக்கமாக்கப்பட்டது.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்துத் தங்கல் தொழில் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழக்கடலில் இருப்பவர்கள். அவர்களுக்கு ரோந்துக் கப்பல் என்பது தொலைதூரச் சமாசாரம் அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தேடுதல் போதுமான வேகத்தில், போதுமான தூரத்தில் நடக்கவில்லை என்று குமரி மாவட்டக் கடற்கரை மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கவிழ்ந்த வள்ளம் எங்கே போயிருக்கும் என்று தெரிந்த மீனவர்களைத் தேடும் கப்பலில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நியாயமான கோரிக்கை அது. எவ்வளவு நல்ல கப்பலாக இருந்தாலும், தேட வேண்டிய இடம் தெரியாவிட்டால் கடலின் பரப்பு அதை விழுங்கிவிடும்.

இடத்தைச் சொல்வதற்குத்தான் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய மூன்று இடங்களில் உள்ளன. கைபேசி சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தால் 1554 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். அதைத் தாண்டினால் வி.எச்.எஃப். சேனல் 16. அருகில் வேறு எந்தக் கப்பல் போனாலும் அதுவும் இந்த அழைப்பைக் கேட்கும். வானொலியும் எட்டாத தூரத்துக்கு, பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் ஆபத்துக்கால அறிவிப்புக் கருவி உண்டு. இஸ்ரோ உருவாக்கியது. இதன் முதல் வகையில், அனுப்பிய செய்தி கரையில் யாருக்காவது கிடைத்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதில் கடலுக்கே திரும்பி வருகிறது.